கம்பெனியா, ஏஜென்சியா, அச்சகமா? டிசைன் படிக்கும் பெண்ணுக்கு இரண்டு மாதம்

என் தங்கை மகள் சென்னையில் விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கிறாள். இரண்டாம் ஆண்டுத் தேர்வு முடிந்ததும் குறைந்தது 45 நாள் எங்காவது இன்டர்ன்ஷிப் செய்து சான்றிதழ் கொண்டுவர வேண்டும் என்பது அவள் கல்லூரியின் விதி. சித்திரை பிறந்த வாரத்தில் என் வீட்டுக்கு வந்தவள், சாப்பிட்ட கையோடு போனை நீட்டினாள். "பெரியம்மா, மூணு இடத்துல இருந்தும் வரச் சொல்றாங்க. எதுக்குச் சரின்னு சொல்ல?"

ஒன்று, ஓ.எம்.ஆரில் இருக்கும் ஒரு மென்பொருள் கம்பெனியின் மார்க்கெட்டிங் டீம். மாதம் 12,000 ரூபாய் தருகிறார்கள். இன்னொன்று நுங்கம்பாக்கத்தில் ஒரு விளம்பர ஏஜென்சி. அங்கே 5,000. மூன்றாவது சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகம், அவள் அப்பாவின் நண்பருடையது. பணம் கிடையாது. சாத்தூரில் வீட்டிலேயே இருந்துகொண்டு பஸ்ஸில் போய் வரலாம்.

நான் டிசைன் வேலைக்கு வந்து 16 வருடம் ஆகிறது. இந்த மூன்று வகை இடத்திலும் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அவளுக்கு வாய்க்கு வந்த வரிசையில் சொன்னதை, இதே கேள்வியோடு இருக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் உதவும் என்று எழுதி வைக்கிறேன்.

மார்க்கெட்டிங் டீமில் உண்மையில் என்ன வேலை

கம்பெனியில் டிசைன் வேலை என்றதும் பிள்ளைகள் நினைப்பது, புது லோகோ போடுவோம், ஊரெல்லாம் பேசும் ஒரு விளம்பரம் செய்வோம் என்று. லோகோ ஏற்கெனவே இருக்கிறது. முதல் நாள் கைக்கு வருவது அந்த லோகோவைச் சுற்றி எவ்வளவு இடம் விட வேண்டும், எந்த நீலம், அந்த நீலத்தின் மேல் எந்த நிறத்தில் எழுத்து வரலாம் என்று சொல்லும் பிராண்ட் கைட்லைன்ஸ் பி.டி.எஃப். அப்புறம் வேலை டிக்கெட்டாக, அதாவது எழுதிப் போட்ட கோரிக்கையாக, வரத் தொடங்கும். 'அடுத்த வியாழன் வெபினார், பேனர் எல்லா சைஸிலும் வேண்டும், நாளை மதியத்துக்குள்.'

எல்லா சைஸும் என்றால், பிக்ஸல் கணக்கில் லிங்க்ட்இன்னுக்கு 1200×627, இன்ஸ்டாகிராமுக்கு 1080×1350, யூடியூப் தம்ப்நெயிலுக்கு 1280×720, கூகுள் விளம்பரங்களுக்கு 300×250, 728×90, 160×600. நிகழ்ச்சி நேரில் நடந்தால் வாசலில் நிறுத்த ஆறுக்கு மூன்று அடியில் ஒரு ஸ்டாண்டி. இதைச் செய்தே இரண்டு மாதம் போய்விட்டது என்று அலுத்துக்கொள்ளும் இன்டர்ன்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எனக்கு இந்த வேலைமேல் மரியாதை உண்டு. ஏன் என்று அவளுக்குக் காட்ட ஒரு பழைய பேனரைத் திறந்தேன். 1200×627 அளவில் தலைப்பு, பேச்சாளரின் படம், தேதி, பட்டன், லோகோ எல்லாம் வசதியாக உட்கார்ந்திருந்தன. அதையே 728×90க்குக் கொண்டுபோ என்றேன். ஸ்கேல் மாதிரி நீளமான ஒரு பட்டை அது. ஐந்தும் அடங்கவில்லை. முதலில் எல்லாவற்றையும் சின்னதாக்கினாள். எதையும் படிக்க முடியவில்லை. பிறகு படத்தை எடுத்தாள். அப்புறம் தலைப்பில் பாதியை. கடைசியில் நின்றது ஆறு சொல், ஒரு தேதி, ஒரு பட்டன். சரி, இப்போது 160×600 என்றேன். ஒல்லியான, உயரமான பட்டை. 'ஒருங்கிணைப்பாளர்களுக்கு' என்ற ஒரே சொல் அந்த அகலத்தை மீறி வெளியே போனது. தமிழ்ச் சொல்லைப் பாதியில் உடைத்து அடுத்த வரியில் போட்டால் படிப்பவருக்கு இடறும். எழுத்தைச் சின்னதாக்கினால் தெரியாது. அப்போது காப்பி, அதாவது விளம்பர வாசகம், எழுதுபவரிடம் எழுந்து போய் "வேறு சொல் கொடுங்க" என்று கேட்க வேண்டும். எதை விட்டால் செய்தி சாகும், எதை விட்டாலும் சாகாது என்பது கல்லூரி அசைன்மென்டில் இவ்வளவு கறாராகப் பிடிபடாது. அங்கே அளவை நாம்தானே தேர்ந்தெடுக்கிறோம்.

இன்னொன்றும் அங்கே படியும். ஒரு பேனருக்கு நான்கு பேர் ஒப்புதல் தர வேண்டியிருக்கும்: ப்ராடக்ட் ஆள், மார்க்கெட்டிங் மேனேஜர், சில நேரம் லீகல், எப்போதாவது அதற்கும் மேலே ஒருவர். 'இந்தச் சாம்பல் எழுத்து அழகா இருக்கு' என்பது அவர்களிடம் எடுபடாது. 'பின்னணிக்கும் எழுத்துக்கும் கான்ட்ராஸ்ட் (வெளிச்ச வேறுபாடு) 4.5:1 இருக்க வேண்டும் என்பது இணைய அணுகல் விதி, இது அதற்குக் கீழே போகிறது, அதனால் அடர்த்தியாக்கினேன்' என்றால் கேட்பார்கள். தன் வேலைக்குக் காரணம் சொல்லும் பழக்கம் 19 வயதிலேயே வந்துவிட்டால் நல்லது. எனக்கு வந்தபோது 27.

இனி கெட்டதைச் சொல்கிறேன், அதுவும் என் கதைதான். நான் முதலில் சேர்ந்த கம்பெனியின் மார்க்கெட்டிங் டீமில் எட்டுப் பேர். டிசைனர் நான் ஒருத்தி. நல்ல மனிதர்கள். ஆனால் இரண்டு வருடத்தில் ஒருவர்கூட என் ஃபைலைத் திறந்து பார்த்ததில்லை. எல்லோரும் பார்த்தது வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஜேபெக் படத்தைத்தான். 'இன்னும் கொஞ்சம் பளிச்சுனு பண்ணுங்க' என்பதுதான் எனக்குக் கிடைத்த அதிகபட்சத் திருத்தம்.

கோயம்புத்தூரில் டீலர்கள் கூட்டம் ஒன்று. தமிழில் 2,000 அழைப்பிதழ். இரவு 11 மணிக்கு இடம் மாறியது என்று போன் வந்தது. புதிதாக ஒரு டெக்ஸ்ட் பாக்ஸ் எடுத்து முகவரியை ஒட்டி, பி.டி.எஃப் எடுத்து அச்சுக்கு அனுப்பிவிட்டேன். அந்தப் புது பாக்ஸில் இந்திய மொழிகளுக்கான கம்போஸர் அமைப்பை மாற்ற மறந்துவிட்டேன். அதை மாற்றாவிட்டால் மென்பொருள் தமிழைச் சேர்த்துக் கோக்காது. அச்சாகி வந்தபோது, மாறிய இடமான 'கொடிசியா' என்பதன் முதல் எழுத்தில் 'க' முன்னால் நிற்க, கொம்பும் காலும் அதற்குப் பின்னால் தனித்தனியாகக் கிடந்தன. ஒப்புதல் தந்த மூன்று பேருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. பிழை என்னுடையதுதான். ஆனால் பக்கத்தில் இன்னொரு டிசைனர் இருந்திருந்தால் இரண்டு நிமிடத்தில் பிடித்திருப்பார். அந்த அழைப்பிதழில் ஒன்றை இன்னும் வைத்திருக்கிறேன்.

அதனால் மார்க்கெட்டிங் டீம் நல்லதா கெட்டதா என்று கேட்டால் என்னால் ஒரே பதில் சொல்ல முடியாது. உன் ஃபைலைத் திறந்து பார்க்க அங்கே ஆள் இருக்கிறாரா என்று முதலில் கேள் என்றுதான் சொல்வேன். இருந்தால், சலிப்பான ரீசைஸ் வேலையும் பாடமாகும். இல்லையென்றால், குறைந்த சம்பளத்தில் கிடைத்த டிசைனராக இரண்டு மாதம் ஓடிவிடும்.

ஏஜென்சி

ஏஜென்சி என்றதும் என் தங்கைக்குத்தான் பயம். "அதெல்லாம் நிலையான தொழிலா அக்கா?" என்று போனில் கேட்டாள். 1973இல் சென்னையில் தொடங்கிய ஆர்.கே. சுவாமி ஏஜென்சி 2024இல் பங்குச்சந்தை வரைக்கும் வந்திருக்கிறது, தொழில் நிலையானதுதான், உன் மகளுக்கு அந்த நேரக்கணக்கு ஒத்துவருமா என்பதுதான் கேள்வி என்றேன்.

ஏஜென்சியில் கிடைப்பது யோசனை. காப்பி எழுதுபவரும் ஆர்ட் டைரக்டரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரு வரியைத் தூக்கிப் போட்டுப் பிடிப்பதைப் பக்கத்திலிருந்து பார்க்கலாம். சுவரில் ஒட்டிய முப்பது கிறுக்கல்களில் இருபத்தெட்டைக் கிழித்துப் போடுவார்கள். ஏன் கிழித்தார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தாலே போதும். இன்று எண்ணெய், நாளை நகைக்கடை, மறுநாள் மருத்துவமனை என்று மாறி மாறி வரும். ஒரே நீலத்தோடு இரண்டு மாதம் குடும்பம் நடத்த வேண்டியதில்லை.

ஆனால் இன்டர்ன் கைக்கு வருவது பெரும்பாலும் படத்தில் பின்னணி வெட்டுவது, ரெஃபரன்ஸ் தேடுவது, டிசைனை மாக்கப்பில் (பொருளின் மாதிரிப் படத்தில்) பொருத்துவது. பிட்ச், அதாவது வாடிக்கையாளரிடம் யோசனையைக் காட்டி வேலை கேட்பது, இருக்கும் வாரத்தில் வீட்டுக்குப் போகும் நேரம் யார் கையிலும் இல்லை. மெட்ரோ ரயில் இரவு 11 மணி வாக்கில் நின்றுவிடும். இவள் ஹாஸ்டல் கேட் ஒன்பதரைக்கே பூட்டிவிடுவார்கள். உள்ளூரில் வீடு இருந்து, கூட்டிப்போக ஆள் இருக்கும் பிள்ளைக்கு நான் ஏஜென்சியைத் தயங்காமல் சொல்வேன். இவளுக்கு அந்த ஒன்பதரை மணி ஒரு நல்ல காரணம்.

சிவகாசி

மூன்றில் அவள் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாதது இதுதான். "பெரியம்மா, அது பிரஸ். அங்கே டிசைன் எங்க இருக்கு?" என்றாள்.

சுவரில் மாட்டியிருந்த தினசரி காலண்டரிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தேன். உள்ளங்கை அகலத் தாள். நடுவில் பெரிதாகத் தேதி. மேலே ஆங்கில மாதம், தமிழ் மாதம், தமிழ்த் தேதி, கிழமை. கீழே நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், குளிகை, திதி, நட்சத்திரம், சந்திராஷ்டமம். மூலையில் சூலம், அதற்குப் பரிகாரம். ஞாயிறு என்றால் சிவப்பு. பாட்டி அடுப்படியிலிருந்து கழுத்தை நீட்டித் தேதியைப் பார்ப்பார். பக்கத்தில் வந்து கண்ணாடி போட்டுக்கொண்டு ராகு காலத்தைப் பார்ப்பார். எட்டடியில் ஒரு தகவல், ஓரடியில் பத்துத் தகவல், இரண்டும் ஒரே தாளில். உங்கள் வகுப்பில் இன்ஃபர்மேஷன் டிசைன் என்று சொல்லிக்கொடுப்பதில் இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது என்றேன். அவள் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆடிப்பெருக்கன்று சிவகாசியில் அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்களை வெளியிடுவார்கள். அப்படியென்றால் மே, ஜூன் மாதங்களில்தான் மாதிரிகள் தயாராகும். ஜூனில் பள்ளி திறக்கும் என்பதால் நோட்டு அட்டை வேலையும் அந்தச் சமயத்தில் ஓடும். இவள் விடுமுறைக்கு இதைவிடப் பொருத்தமான காலம் அமையாது.

அங்கே போனால் மிஷின்மேன் கையில் லென்ஸோடு தாளைக் குனிந்து பார்ப்பதைப் பார்க்கலாம். லென்ஸ் வழியாகப் பார்த்தால் சாமி படத்தின் முகமே நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும். திரையில் மின்னிய நீலம் தாளில் ஏன் செத்துப்போகிறது என்பது ஆர்.ஜி.பி (திரையின் நிறங்கள்), சி.எம்.ஒய்.கே (அச்சு மையின் நிறங்கள்) என்று நோட்டில் எழுதிப் படித்தால் மனதில் நிற்காது. தான் போட்ட நீலம் மங்கிப்போய் தாளில் வருவதைப் பார்த்தால் ஆயுசுக்கும் நிற்கும். சின்ன எழுத்தைக் கறுப்பு என்ற ஒரே பிளேட்டில் (ஒரு நிறத்துக்கு ஒரு அச்சுத் தகடு) போடாமல் நான்கு நிறமும் கலந்து போட்டால், தாள் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் எழுத்தைச் சுற்றி நிறம் கசியும். ஓரத்தில் 3 மில்லிமீட்டர் பிளீட் (வெட்டும் கோட்டுக்கு வெளியேயும் நீளும் நிறம்) விடாத டிசைனில், கட்டிங் கொஞ்சம் விலகினால் வெள்ளைக் கோடு தெரியும். தாளை மிஷினுக்குள் இழுக்கும் கிரிப்பர் பிடிக்கும் இடத்தில் அச்சு விழாது. ஒரே மஞ்சள் நிறம் வழவழப்பான ஆர்ட் பேப்பரில் ஒரு மாதிரி, வழவழப்பில்லாத மேப்லித்தோ தாளில் வேறு மாதிரி இருக்கும். இதெல்லாம் தெரிந்த டிசைனரின் ஃபைலை அச்சகத்தில் யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

குறையும் உண்டு. அங்கே டிசைன் செய்யும் டி.டி.பி (கணினியில் பக்கம் அமைக்கும்) ஆப்பரேட்டர்கள் கோரல்டிரா மென்பொருளில் மின்னல் வேகத்தில் வேலை பார்ப்பார்கள். 'ஏன் இந்த எழுத்துரு' என்று நின்று பேச அவர்களுக்கு நேரம் இருக்காது. பல ஃபைல்கள் இன்னும், எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துக் குறியீட்டுக்கு முந்தைய எழுத்துருக்களில் இருக்கும். பெரிய கம்பெனி ஏதாவது ஒன்றின் பெயர் சான்றிதழில் வேண்டும் என்று நினைக்கும் கல்லூரிகளில் அச்சகச் சான்றிதழை யோசித்துத்தான் ஏற்றுக்கொள்வார்கள். முன்பே துறைத் தலைவரிடம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

வீட்டிலிருந்தே ஃப்ரீலான்ஸ் செய்யலாமே என்று அவள் தோழி சொன்னாளாம். இரண்டாம் ஆண்டு மாணவிக்கு அது வேண்டாம். திருத்த ஆள் இல்லாத இடத்தில் பழகும் தவறு, கையெழுத்து மாதிரி ஒட்டிக்கொள்ளும்.

பணமும் உரிமையும்

பணக் கணக்கைத் தாளில் எழுதிப் பார்த்தோம். ஹாஸ்டலுக்குச் சாப்பாட்டோடு 7,500. ஓ.எம்.ஆர் போய்வர 1,500. ஆக, கம்பெனியில் மாதம் 3,000 மிஞ்சும். ஏஜென்சியில் போக்குவரத்துக்கு ஆயிரம் என்றாலும் மாதம் 3,500 கையிலிருந்து போகும். இரண்டு மாதத்துக்கு 13,000 ரூபாய் வித்தியாசம், அது என் தங்கை வீட்டில் சின்னத் தொகை இல்லை. சாத்தூரில் பஸ் செலவு மட்டும்.

அரசின் திட்டத்தில் சேரலாமா என்றும் கேட்டாள். 2024 அக்டோபரில் தொடங்கிய பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தில், தொடங்கியபோது வைத்த விதிப்படி 21 முதல் 24 வயதுக்காரர்களுக்குத்தான் இடம், அதிலும் முழுநேரம் படித்துக்கொண்டிருப்பவர்கள் சேர முடியாது. அது பட்டம் வாங்கிய பிறகு பார்த்துக்கொள்ள வேண்டியது.

பிள்ளைகள் கேட்கத் தவறும் விஷயம் ஒன்று. அங்கே செய்த வேலையைப் போர்ட்ஃபோலியோவில் போடலாமா? 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, வேலைக்காரராகவோ அப்ரண்டிஸாகவோ இருந்து செய்த படைப்புக்கு, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் வேலை கொடுத்தவர்தான். அதோடு கம்பெனியில் ரகசிய ஒப்பந்தத்திலும் கையெழுத்து வாங்குவார்கள். வெளியே வந்துவிட்ட பேனர்களையாவது போர்ட்ஃபோலியோவில் காட்டலாம் என்று சேரும்போதே ஒரு மெயிலில் வாங்கிக்கொள்ள வேண்டும். கடைசி நாளில் கேட்டால் சங்கடம். அச்சகத்தில் இந்தப் பிரச்சினை குறைவு. உரிமையாளரிடம் கேட்டால் "எடுத்துக்கோம்மா" என்பார், ஆனால் சாமி படம் வரைந்த ஓவியரின் உரிமை வேறு.

அவள் கேட்டது

மறுநாள் மூன்று இடத்துக்கும் ஒரே கேள்வியை அனுப்பச் சொன்னேன்: 'நான் செய்யும் வேலையின் மூல ஃபைலை யார் பார்ப்பார்கள், வாரத்துக்கு எத்தனை தடவை?' அனுப்ப அவளுக்குத் தயக்கம். "இப்படிக் கேட்டா வேண்டாம்னு சொல்லிட்டா?" என்றாள். இந்தக் கேள்விக்கே கோபப்படும் இடம் நமக்கு வேண்டாம் கண்ணு என்றேன்.

ஏஜென்சியிலிருந்து 'வாங்க, வந்து பார்த்துக்கலாம்' என்று வந்தது. சிவகாசிக்காரர் போனிலேயே பேசினார்: "ஃபைலைப் பாக்க எனக்குத் தெரியாதும்மா. ஆனா மிஷின்ல ஒரு அண்ணாச்சி இருக்காரு, முப்பது வருஷமா ஓட்டுறாரு. தப்பா இருந்தா அவரு கண்ணு தப்பாது." நேர்மையான பதில். எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போனது.

கம்பெனி எச்.ஆர் இரண்டு நாள் பதில் போடவில்லை. மூன்றாம் நாள் பதில் வந்தது டீமின் சீனியர் டிசைனரிடமிருந்து. டீமில் இரண்டு டிசைனர்கள், ஒருவர் பெங்களூரில் இருக்கிறார், செவ்வாயும் வெள்ளியும் அரை மணி நேரம் ஃபைலைத் திறந்து வைத்துப் பேசுவோம் என்று எழுதியிருந்தார். கூடவே ஒன்று கேட்டிருந்தார்: 'போர்ட்ஃபோலியோ பார்த்தேன். அதில் உள்ள கல்லூரி விழா போஸ்டரின் மூல ஃபைலை அனுப்ப முடியுமா?'

அனுப்பினாள். மாலைக்குள் 11 குறிப்புகளோடு திரும்பி வந்தது. 'தேதியும் இடமும் ஒரே அளவில் இருக்கின்றன, வருபவர் முதலில் எதைப் படிக்க வேண்டும்?' என்று ஒன்று. 'தமிழ்த் தலைப்பில் வரி இடைவெளி போதவில்லை, மேல்வரியின் உகரக் குறி கீழ்வரியின் புள்ளியில் இடிக்கிறது' என்று இன்னொன்று. 'லேயர் 47 காப்பி 3 என்பது என்ன?' என்று, பெயர் வைக்காத ஓர் அடுக்கைப் பற்றி வேறொன்று.

கம்பெனிக்குச் சரி என்று அன்றே பதில் போட்டுவிட்டாள். ஜூன் முதல் வாரம் சேர வேண்டும். அதற்கு முன் மே மாதத்தில் பத்து நாள் சிவகாசிக்குப் போய் அந்த அண்ணாச்சி பக்கத்தில் நிற்கப் போகிறாள். அது சான்றிதழுக்காக இல்லை என்று அவளே அவரிடம் சொல்லியிருக்கிறாள்.

அன்று இரவு ஹாலில் பாயை விரித்து உட்கார்ந்து, அந்தப் போஸ்டரின் எல்லா லேயருக்கும் பெயர் வைத்துக்கொண்டிருந்தாள். மொத்தம் 62. நான் படுக்கப் போகும் நேரம் தலையைத் தூக்கி, "பெரியம்மா, இந்த 47 ஒரு பூ. அதுக்கு என்ன பேரு வைக்க?" என்று கேட்டாள். கிட்டப் போய்ப் பார்த்தேன். தலைப்பின் ஓரத்தில் மஞ்சளாக ஒன்று.

"செவ்வந்தி இடதுன்னு வை" என்றேன்.